சார்ந்திருப்போர்

அனிசெத்தோ கொல்கேயின் ஓய்வூதியப் படிவத்தை
நான்தான் நிரப்புகிறேன்.
அவருக்குத் தட்டச்சு ஓடாது. இருபத்தாறு வருடமும்
இரண்டே விரலால் வழக்குப் பதிந்தவர்.

பணியிடம்: வில்லாசோன், எல்லைப் பாலம்.
மாற்றல் கேட்டாரா: இல்லை.
பதக்கம்: ஒரு கோடு இழுத்துவிட்டேன்.
தண்டனை: இரண்டு.
செனட்டரின் மைத்துனர் பேருந்தை
நாலு மணி நேரம் நிறுத்தி வைத்ததற்கு ஒன்று.
அதே பேருந்தை
மறுவாரமும் நிறுத்தியதற்கு ஒன்று.

சிறப்புத் திறன் என்றொரு கட்டம்.
என்ன போட?
"காலைப் பார்ப்பேன்" என்றார்.

நிஜம்தான்.
விடிகாலை ரயில் கொட்டிவிட்டுப் போகும் கூட்டத்தில்
அவர் முகம் பார்த்து நான் கண்டதில்லை.
குனிந்த தலை, கன்னத்தில் அதக்கிய கோகா இலை.
குழாய்த் தண்ணீர் கல்லாகும் குளிரில்
புது ஷூ போட்ட பிள்ளை வந்தால் மட்டும் நிமிர்வார்.
வாங்கித் தந்தவர் அளவு கேட்கவில்லை என்பதைக்
குதிகால் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு கெச்சுவாவில் ஒரே கேள்வி:
வீட்டில் உன்னை என்னவென்று கூப்பிடுவார்கள்?
உப்புக்கல், என்னும் ஒன்று.
மொட்டை வால், என்று வெட்கப்படும் இன்னொன்று.
அத்தையென்று வந்தவளை, மாமனென்று வந்தவனைத்
தனியே அழைத்து அதையே கேட்பார்.
எங்கள் அறையில் கணப்புக் கிடையாது.
எத்தனை மாமன்களுக்கு அங்கே வேர்த்திருக்கிறது!

திருப்பி அனுப்பிய பிள்ளைகள்
நன்றி சொன்னதாக ஞாபகமில்லை.
ஒருத்தி கையைக் கடித்தாள்.
"அங்கே தினமும் கோழிக்கறி, நீ போடுவாயா?"
கேட்டவனுக்கு ஒன்பது வயது.
தன் சூப்பை அவன் பக்கம் நகர்த்தினார்.
அது பதிலாகாதென்று அவருக்கே தெரியும்.

விடுப்பு விவரத்தில்தான் என் கை நின்றது.
ஜூலைதோறும் பதினைந்து நாள்.
புவெனோஸ் ஐரிஸ். உறவினரைப் பார்க்க.
பதினெட்டு ஜூலை.
அங்கே யார் உங்களுக்கு?

எர்லிந்தா என்று ஒரு பெண், என்றார்.
பதினொரு வயது.
பழைய செருப்பு. அவள் காலுக்கே தேய்ந்தது.
ஆனாலும் கேட்டேன். ஒரு பேர் சொன்னாள்.
அத்தையைக் கேட்டேன். அதே பேர்.
வைத்ததே நான்தானே, என்று சிரித்தாள்.
முத்திரை குத்தினேன்.

எட்டு மாதம் கழித்துத் தாய் வந்தாள்,
கையில் ஞானஸ்நானப் படத்தோடு.
அவள் உண்மையான அத்தைதான், க்ளோரின்டா.
விற்றதும் அவள்தான்.

தையல் கூடம் என்பதற்கு மேல் துப்பில்லை.
அதனால் நடக்கிறார், சொந்தக் காசில்,
ஜன்னலுக்குப் பலகை அறைந்த வீடுகளின் ஓரமாக,
இரவு இரண்டுக்கும் ஓடும் எந்திரச் சத்தத்துக்குக்
காதைக் கொடுத்துக்கொண்டு.
கதவு தட்டி மூன்று தடவை அடி வாங்கியிருக்கிறார்.
அந்த நாட்டில் அவர் வெறும் ஆள்.
அவர் எழுதிக்கொடுத்த விலாசங்களிலிருந்து
நாற்பத்தொரு பேர் வெளியே வந்தார்கள்.
அவள் வரவில்லை.

நாற்பத்தொன்றை எந்தக் கட்டத்தில் போட?
விடுப்பில் செய்தது பணியில் சேராது.
கோப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதி
அழித்துவிட்டேன். அழுத்தி எழுதியதால்
தடம் இருக்கிறது.

கடைசிக் கட்டம்: சார்ந்திருப்போர்.
மனைவி போய் ஆறு வருடம். பிள்ளையில்லை.
ஒருவர் என்று போடு, என்றார்.
வயது?
கணக்குப் பார்க்கவில்லை: அக்டோபர் வந்தால் முப்பது.
முகவரி?

வெளியே சுமைகாரப் பெண்கள்
முதுகில் மாவு மூட்டையோடு பாலத்தில் ஓடினார்கள்.
அவர் கண் அவர்கள் கால்களில் இருந்தது.

தலைமையகம் சிவப்பு மையில் திருப்பி அனுப்பும்.
தெரிந்தே அடித்தேன்:
எர்லிந்தா சோக், முகவரி விசாரணையில்.
வீட்டுப் பேரையும் சொல்லுங்கள்,
அடையாளத்துக்குப் போட்டுவைக்கிறேன், என்றேன்.

கூடாது, என்றார்.
அதைத்தான் கேட்பேன்.